ஒரு நாளைக்கு நானூற்று இருபது லிட்டர்

மீட்டர்க்காரர் ஓய்வுபெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் நடந்தால் அவர் கண் எதிரே வருகிற ஆளைப் பார்க்காது. வாசலோரம் மண்ணில் பதிந்துகிடக்கும் இரும்பு மூடியைத்தான் பார்க்கும். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரைப் படித்து எழுதியவர். கொக்கிக் கம்பியால் மூடியைத் தூக்க வேண்டும். உள்ளே தவளையோ தேளோ இருந்தால் அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும். கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை வைத்தே அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதா, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டாரா, புருஷன் கோபித்துக்கொண்டு போய்விட்டானா என்பதையெல்லாம் சொல்லிவிடுவார்.

வேலை அவருக்குச் சம்பளத்தோடு சேர்த்துச் சந்தேகத்தையும் கொடுத்தது. மீட்டர்மேல் காந்தத்தை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறார். மீட்டரையே கழற்றித் தலைகீழாக மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறார். தலையில் ஈரம் சொட்டச் சொட்டக் கதவைத் திறந்து, "மூணு மாசமா ஊர்லயே இல்லை சார்" என்று சொன்ன குடும்பத்தலைவர்களை எண்ணி மாளாது. ஆகவே ஆள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார், எழுதிக்கொள்ள மாட்டார். மீட்டருக்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. ஒரு சொட்டு நீர் ஓடினாலும் அது அசையும். அவர் நம்பியது அதை மட்டுந்தான்.

இந்தக் குணத்தால் குடும்பத்துக்கு ஒருமுறை நன்மையும் விளைந்தது. மலிவாக வந்த ஒரு மனையைப் பார்த்து, "இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று திரும்பி வந்துவிட்டார். அதை வாங்கியவர் இன்றுவரை கோர்ட்டுக்கு அலைகிறார். அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, மாடியில் ஒரு ஃப்ளாட், மைத்துனன் பார்த்துவைத்த ஒரு பழைய வீடு என்று அடுத்தடுத்து மூன்றையும் அதே வாக்கியத்தைச் சொல்லித் தட்டிக்கழித்தார். மூன்றிலும் வேறு யாரோ நன்றாக இருக்கிறார்கள்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தையல் வேலை. ஒரு துணிக்கடையின் பின்னறையில் இருபத்துநாலு வருடம் பேன்ட்டைக் குட்டையாக்கி, ரவிக்கையைப் பிரித்துத் தளர்த்தி, கிழிந்ததைக் கிழியாததுபோல் ஆக்கினார். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் குழல்விளக்கு. போன வருடம் கடை கைமாறியது. புதியவர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி, ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. கணவருக்குப் பின்னால் தனக்கு என்ன இருக்கும் என்பதை அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் கணவர் ஓய்வுபெற்றபோது மொத்தமாக வந்த பணம் வங்கியில் உட்கார்ந்திருந்ததைத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பணம் ஒரே ஒரு முறைதான் வரும்.

அப்படித்தான் கடற்கரை வீட்டுப் பேச்சு வந்தது.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் சமையலறை. குளித்துவிட்டு வருகிறவர்கள் மணலைக் கழுவிக்கொள்ள வெளியே ஒரு குழாய். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள்கணக்கில் வாடகைக்கு விடுகிற வீடு. சொந்தக்காரர் ஒரு மருந்துக்கடைக்கார அம்மாள். முழங்காலில் அறுவை நடந்து, மகனோடு டவுனில் தங்கிவிட்டதால் விற்கிறார். தரகர் ஒரு நடுவயதுக்காரர். எந்த வாக்கியத்தையும் 'சத்தியமா' என்று தொடங்குவதால் அவருக்கு ஊரில் சத்தியம் என்றே பெயர்.

"சத்தியமா சொல்றேன் சார், சீசன்ல இங்க இடம் கிடைக்காம அழுதுட்டுப் போறாங்க" என்றார் சத்தியம்.

"இப்ப?"

"இப்பவும் வாரம் தவறாம ஆள் சார். சத்தியமா."

மீட்டர்க்காரர் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஜன்னல் கம்பியில் உப்புக்காற்று அரித்த இடத்தை நகத்தால் சுரண்டினார். குளியலறையில் மட்டும் புதுப் பெயின்ட் எதற்கு என்று கேட்டார். பழசு உரிந்துவிட்டது என்று சத்தியம் சொன்னதும், உரிந்தது பெயின்ட்டா சுவரா என்று கேட்டார். மருந்துக்கடைக்கார அம்மாள் கைத்தடியை ஊன்றியபடி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கடைசியில் ஒரு உறையை நீட்டினார்.

"ரெண்டு வருஷத் தண்ணி பில் இருக்கு, பாத்துக்கோங்க. எந்த மாசம் எவ்வளவு ஆள் வந்துச்சுன்னு அதுலயே தெரியும்."

மீட்டர்க்காரர் உறையை வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பில்லுங்கிறது எழுதுறவன் கையில இருக்கும்மா."

அந்த நேரமெல்லாம் மனைவி எங்கே என்று அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் படுக்கையறை அலமாரியைத் திறந்து, விரிப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. பெண்பிள்ளைகளுக்குத் துணியைக் கண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் தீர்ப்பைச் சொன்னார்.

"மீட்டர் வாசலுக்கு வெளியதான் இருக்கு. மூணு வாட்டி போய் நானே பாக்கறேன். அந்த ஆள் சொன்ன மாதிரி இப்பவும் ஆள் வந்தா மீட்டர் ஓடியிருக்கும். ஓடலைன்னா அவன் சொன்ன எல்லாமே பொய். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சீசன் இல்லாதப்ப ஓடலைன்னா என்னங்க? சீசன்லதானே முக்கியம்?"

"ஒரு இடத்துல பொய் சொன்னவன் எல்லா இடத்துலயும் சொல்வான்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்துக்கடைக்கார அம்மாள் கொடுத்திருந்த கெடு இரண்டு வாரம். இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை பதிவுக்கு வராவிட்டால் வேறு ஒருவருக்கு விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை மீட்டர்க்காரர் பரண்மேல் கிடந்த கொக்கிக் கம்பியை இறக்கி, துணிப்பையில் வைத்துக்கொண்டு போனார். வீடு பூட்டியிருந்தது. மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆள் சொல்வதுதானே கிடைக்கும். பக்கத்து வீட்டு வாசலில் வாடகைச் சைக்கிள்களை வரிசையாகச் சாத்திவைத்திருந்த ஒருவர் இவரைப் பார்த்துத் தலையசைத்தார். இவர் அசைக்கவில்லை.

வியாழக்கிழமை போனார். அப்போதும் பூட்டு. ஆனால் மீட்டர் ஓடியிருந்தது. மூன்று நாளில் ஆயிரத்து இருநூற்று அறுபது லிட்டர். கடலுக்குப் போயிருப்பார்கள், அதனால்தான் பூட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது மேலும் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றைந்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்.

"வாங்கிடலாம்."

மனைவி கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "நிஜமாவா?"

"நாலு பேர் புழங்கின அளவு ஓடியிருக்கு. மீட்டர் பொய் சொல்லாது."

அந்த அம்மாள் அன்று ஒரு டம்ளர் காபியை இரண்டு முறை சூடாக்கி, இரண்டு முறையும் குடிக்க மறந்தார்.

சாயங்காலம் மீட்டர்க்காரர் குறிப்புநோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சந்தோஷத்தைக்கூட ஒருமுறை சரிபார்க்காமல் அனுபவிக்கத் தெரியாத மனிதர். மூன்று நாளுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது என்றால் நாளொன்றுக்கு நானூற்று இருபது. அடுத்த ஐந்து நாளையும் வகுத்தார். அதுவும் நானூற்று இருபதுக்கு ஒரே ஒரு லிட்டர் குறைவு.

பென்சிலை வைத்துவிட்டார்.

அந்த ஐந்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமை இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. விடுமுறைக்கு வருகிறவன் சனிக்கிழமை கடலில் ஆடிவிட்டு வந்து அரைமணி நேரம் தலையில் ஊற்றிக்கொள்வான். அவன் பெண்டாட்டி மணல் ஒட்டிய துணியையெல்லாம் அலசுவாள். திங்கட்கிழமை காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுவான். மனிதர்கள் தண்ணீர் செலவழித்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வருடத்தில் இத்தனை சமமாக ஓடிய மீட்டரை அவர் பார்த்ததே இல்லை. யாரோ அளந்து ஊற்றியிருக்கிறார்கள். தான் வேலை செய்த இடத்தைத் தெரிந்துகொண்டு, தனக்காகவே ஊற்றியிருக்கிறார்கள். சத்தியத்தின் முகம் கண்முன் வந்தது.

புதன்கிழமை முதல் பேருந்தில் போய் தெருவின் எதிர்ப்பக்கத்தில் சிமென்ட் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தார். ஏழரை ஆயிற்று. யாரும் வரவில்லை. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சைக்கிள்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெளிக்கேட்டைத் தள்ளி உள்ளே போய், வெளிக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகித் திறந்துவிட்டார். தண்ணீர் மணலில் விழுந்தது. விழுந்த சுவடு தெரியாமல் மணல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எதிரே மீட்டர்க்காரர் நின்றிருந்தார்.

"அண்ணே… வாங்க, டீ சாப்பிடலாம்."

"டீ இருக்கட்டும். யார் திறக்கச் சொன்னது? அந்தத் தரகரா?"

"அவரா? அவருக்கு இந்த வீட்ல குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"அப்ப சொந்தக்காரம்மாவா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவாங்க அண்ணே. சாவி என்கிட்ட நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"வேற யாரு?"

சைக்கிள்காரர் குழாயை மூடினார். மூடியபின் ஒரு தடவை இறுக்கினார். பதில் சொல்லாமல் இருக்க வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

"உங்க வீட்டம்மாதான் அண்ணே. எட்டு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடிடுங்க, நாலு பேர் குளிச்ச மாதிரி இருக்கணும்னாங்க. தண்ணிக்கு ஆகுறதையும் தந்துடறேன்னு சொன்னாங்க."

நாலு பேர் குளித்தால் எவ்வளவு ஆகும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு நினைவு வந்தது. முப்பது வருடமாகச் சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதெல்லாம் அதுதான். ஆளுக்கு நூறு லிட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.

"உண்மையைச் சொல்லுங்க. இங்க ஆள் வர்றாங்களா, இல்லையா?"

"ரெண்டு மாசமா யாரும் இல்லை. இப்ப காத்துக் காலம், எவன் வருவான்? சீசனுக்கு வந்து பாருங்க. என் சைக்கிள் அத்தனையும் இந்த வாசல்லதான் கிடக்கும்."

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் வந்தால் சைக்கிளுக்கும் வாடகை வரும் என்று நினைக்கிறவன் வேறென்ன சொல்வான்.

திரும்பும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் தன் மனைவியைப் படித்துக்கொண்டு வந்தார். இந்த மாதத்தில் இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அது அக்கா வீடுதானா? வீடு பார்த்த அன்று சத்தியத்தோடு அடுக்களையில் நின்று பேசிக்கொண்டிருந்தது எதைப் பற்றி? தரகில் இவளுக்கும் பங்கா? எத்தனை வருடமாக என்னென்ன குழாய் எங்கெங்கே திறந்திருந்ததோ? ஊரில் இருக்கிற அத்தனை மூடியையும் தூக்கிப் பார்த்தவர், தன் வீட்டு மூடியைத் தூக்கியதே இல்லை.

வீட்டில் மனைவி மிஷினில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வெள்ளை விரிப்பு.

"எங்க போனீங்க காலங்காத்தால? சொல்லக்கூட இல்லையே."

"அந்த வீட்டுக்குத்தான். இன்னொரு வாட்டி பாத்துடலாம்னு போனேன்." அவர் நிதானமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "மீட்டர் நின்னுபோச்சு. நேத்துலேருந்து ஒரு லிட்டர்கூட ஓடலை."

"அதெப்படி, இன்னைக்குக் காலைலகூட…"

மிஷின் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். ஆனால் அழவில்லை. விரிப்பை மிஷினிலிருந்து எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சைக்கிள்காரர் சொல்லிட்டாரா?"

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"நீங்க வேற எதை நம்புவீங்க, சொல்லுங்க. அந்தம்மா ரெண்டு வருஷ பில்லை எடுத்து நீட்டினாங்க. எந்த மாசம் ஆள் இருந்துச்சு, எந்த மாசம் இல்லைன்னு சுத்தமா அதுலயே இருந்துச்சு. நீங்க அதை நேரா படிக்கக்கூட இல்லை."

"பில்லை எப்படி நம்பறது?"

"நீங்க எழுதின பில்லை ஊரே நம்பிப் பணம் கட்டுச்சே?"

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மழைக்காலத்துல மீட்டர் பெட்டி முழுக்கத் தண்ணி நிக்கும். கைய விட முடியாது. அப்ப போன மாசத்தைப் பாத்து நானே குத்துமதிப்பா எழுதியிருக்கேன். ஒரு தெரு, ரெண்டு தெரு இல்லை. அதான் நம்ப மாட்டேங்கறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"அப்ப நானும் குத்துமதிப்பாத்தான் ஊத்தச் சொன்னேன். சரியாப் போச்சு."

"சிரிக்காதே. அந்த வீடு பொய்யா இருந்தா நம்ம மொத்தப் பணமும் போயிருக்கும்."

"பொய்யா இருந்தா நான் ஊத்தச் சொல்லியிருக்க மாட்டேன்." விரிப்பை அவர் மடியில் போட்டார். "இது அந்த வீட்டு விரிப்பு. சைக்கிள்காரர்கிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன். விளிம்பைப் பாருங்க."

பார்த்தார். விளிம்பு மடிப்பில் துணி நைந்து, ஒரு பக்கம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இன்னொரு பக்கம் இப்போதுதான் புதிதாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"கெட்டித் துணி. ரெண்டு வருஷம் வீட்ல சும்மா படுத்து எழுந்தா இந்த விளிம்பு இப்படி ஆகாது. வாரத்துக்கு மூணு நாலு தடவை பெரிய மிஷின்ல போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் துவைச்சாத்தான் ஆகும். அலமாரியில பதினாலு விரிப்பு, பதினாலும் இதே மாதிரி. அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போனேன், ரெண்டு வாட்டி. சலவைக்காரம்மாவைப் பாத்தேன். சீசன்ல நாளைக்கு எத்தனை விரிப்பு வருதுன்னு கேட்டேன். அவ கை ரெண்டையும் விரிச்சுக் காட்டினா."

"பழைய விரிப்பா எங்கயாவது மலிவா வாங்கி அடுக்கி வச்சிருந்தா?"

"வச்சிருக்கலாம்" என்றார் மனைவி. "சலவைக்காரியும் பொய் சொல்லியிருக்கலாம். சைக்கிள்காரரும் சொல்லியிருக்கலாம். அந்தம்மா முழங்காலுக்குக் கட்டுப் போட்டு நடிச்சிருக்கலாம். நான் உங்களை ஏமாத்தினேன், அது நிஜம். அதுக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா உங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வருது. எனக்கு என்ன வருது? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாதி வரும், அதையும் மூணு ஆபீஸ் ஏறி இறங்கி வாங்கணும். என் கையால பாத்துக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு கேக்கறேன். விரிப்பு துவைக்கப் போடறது, கிழிஞ்சதைத் தைக்கறது, வர்றவங்களுக்குச் சாவி குடுக்கறது. அது எனக்குத் தெரியும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. வில்லங்கம் இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் விரிப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். தைக்காத பக்கத்தைத் தடவினார், பிறகு தைத்த பக்கத்தை. தையல் எங்கே தொடங்கியது என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னப்ப நான் ஏன் சந்தேகப்படலை?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்."

அன்று அதற்குமேல் பேச்சு இல்லை. மறுநாளும் தேவைக்கு மட்டுந்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் பக்கத்து அறைக்குப் போனார். மத்தியானத்தில் ஒரு தடவை, கதவோரமாக நின்று, "பதினாலுமா?" என்று கேட்டார். "பதினாலும்" என்றார் மனைவி, தலையைத் தூக்காமல்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி எழுந்தபோது அவர் ஏற்கெனவே சட்டை போட்டுக்கொண்டு, வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள்.

பதிவு அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியதில் காகிதங்கள் படபடத்தன. சத்தியம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு முத்திரைக் கட்டையை வைத்து அடக்கிக்கொண்டிருந்தார். மீட்டர்க்காரர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரிக்கு வந்தார். எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூன்றாம் முறை படிக்கத் தொடங்கியபோது மருந்துக்கடைக்கார அம்மாள் கைத்தடியை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"சார், என்மேல நம்பிக்கை இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு முட்டி வலிக்குது. நீங்க அத்தனை தடவை வந்து பாத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். பாத்ததுல திருப்தியா, இல்லையா?"

சத்தியம் வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதீங்கம்மா" என்றார் மீட்டர்க்காரர். "நான் மீட்டரைத்தான் பாத்தேன். வீட்டைப் பாத்தது இவதான்."

எழுத்தரிடம் திரும்பி, வாங்குபவர் என்ற இடத்தில் தன் பெயருக்கு முன்னால் மனைவியின் பெயரை எழுதச் சொன்னார். அதற்கு அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அரைமணி ஆகும் என்றார் எழுத்தர். ஆகட்டும் என்றார். அரைமணிக்குப் பிறகு வந்த புதுப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. அப்படியே மனைவியின் பக்கம் தள்ளினார்.

மனைவி அதை வாங்கி, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார்.